மூன்றாவது கீறல்

மணி பத்து இருபது. வயர் மூன்று. ஆள் மயிலாத்தாள், வயது அறுபத்திரண்டு. தலை காருக்குள் பிரேக் பெடலுக்கு அடியில், கால் இரண்டும் கதவுக்கு வெளியே. தூரத்திலிருந்து யாராவது பார்த்தால் கார் என்னைப் பாதி விழுங்கிவிட்டு மீதியைப் பற்றி யோசித்துக்கொண்டு நிற்கிறது என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். பன்னிரண்டு மணிக்குத் தீபன் வருகிறான். என் ஒரே மகன், திருப்பூரில் வேலை. கூட அன்வரையும் கூட்டி வருகிறான், பழைய கார் வாங்கி விற்கிற சிநேகிதன். மூன்றாவது கீறல் விழுந்தால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று ஆகஸ்ட் மாதம் போனில் பேசி முடிவானது. நானும் வீராப்பாகச் சரி என்றேன். போன வியாழக்கிழமை மூன்றாவது விழுந்துவிட்டது. இடது பக்கம், பின் கதவுக்குக் கீழே, ஒரு முழ நீளத்துக்கு. முதல் கீறல் என்னுடையது. யார் கேட்டாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன். இரண்டாவதையும் மூன்றாவதையும் நான் போடவில்லை. போடவில்லை என்று நினைக்கிறேன். இந்த ‘நினைக்கிறேன்’ வந்து மாட்டிக்கொண்டதிலிருந்து சோறு சரியாக இறங்கவில்லை. அதற்காகத்தான் கேமரா, இரண்டாவது கீறல் விழுந்ததுமே வாங்கியது. போன சனிக்கிழமையே முன்கண்ணாடியில் ஒட்டிவிட்டேன், ஒரு வாரமாகச் சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகி ஓடுகிறது. ஆனால் அப்படிச் செருகினால் சாவி போட்டிருக்கும்போது மட்டும்தான் வேலை செய்யும். எனக்கு வேண்டியது கார் நிற்கும்போது நடப்பது. நின்ற காரில் வந்து இடிக்கிறவன் யார் என்பது. அதற்கு நேராக ஃப்யூஸ் பெட்டியிலிருந்து சப்ளை எடுக்க வேண்டும். எடுத்து முடித்து, தீபன் வந்ததும், இதோ பார், இருபத்துநாலு மணி நேரமும் கண் திறந்திருக்கிறது, ஒரு மாதம் பொறு, ஆளைப் பிடித்துத் தருகிறேன் என்று சொல்ல வேண்டும். இன்னும் ஒரு மணி நாற்பது நிமிஷம். கழுத்து இப்போதே வலிக்கிறது.

டார்ச் என் கணவர் சென்னியப்பன் கையில். முப்பத்தெட்டு வருஷம் தபால் அலுவலகம், கடைசி ஒன்பது வருஷம் போஸ்ட்மாஸ்டர். ஊரார் கடிதத்தையெல்லாம் பிரித்துப் பார்க்காமல் கைமாற்றியவர்; பொறுமைக்குக் குறைவில்லை, ஆனால் டார்ச் பிடிக்கத் தெரியாது. “எங்கீங்க காட்டறீங்க?” என்றேன். “நீ பாக்கற எடத்துலதான் அம்மிணி.” “நான் பாக்கற எடம் இருட்டா இருக்குதுங்களே.” “அப்ப நீ தப்பான எடத்தைப் பாக்கறயாட்ட இருக்குது.” வெளிச்சம் என் மூக்கில் விழுந்தது, பிறகு ஸ்டீயரிங் தண்டில், பிறகு ஆக்சிலேட்டரில். ஆக்சிலேட்டரில் வந்தால் மட்டும் அசையாமல் நிற்கிறது. என்ன அழகோ அதில். இந்த ரெண்டு மாதமாக அப்படித்தான். காரில் பக்கத்தில் உட்கார்ந்தால் ரோட்டைப் பார்ப்பதில்லை, கோயில் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வதில்லை, என் காலையே பார்த்துக்கொண்டு வருகிறார். கால் வீங்கியிருக்கிறதோ என்று ஒருநாள் நானும் குனிந்து பார்த்தேன். வீக்கமில்லை. வயதானால் மனுஷருக்கு எதை எதையோ பார்க்கப் பிடிக்கிறது. ஃப்யூஸ் பெட்டி மூடி இப்போது கழன்றுவிட்டது. உள்ளே சின்னச் சின்னதாக, சிவப்பு, நீலம், மஞ்சள், ஆரஞ்சு மிட்டாய் அடுக்கிய மாதிரி. வாசனை கூட இருக்கிறது: சூடான ரப்பர், எப்போதோ சிந்திய தேங்காயெண்ணெய், மிதியடிக்குக் கீழே மக்கிப்போன பிஸ்கட் தூள். சீட்டைப் பின்னால் தள்ளியிருந்தேன்; சில நாள் காலையில் நான் தொடாமலே அது தள்ளித்தான் இருக்கிறது. நான் ஐந்தடிக்கு ஒரு அங்குலம் குறைவு, ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓட்டுகிறவள். கார் துடைக்கிற தனபால்தான் தள்ளியிருப்பான். மிதியடியை எடுத்து உதறுகிறவன் சீட்டையும் தள்ளுவான். தனபாலின் பக்கெட் இடித்துக் கீறல் விழுமா? பிளாஸ்டிக் பக்கெட். பிளாஸ்டிக்கால் ஒரு முழத்துக்கு இரும்பு தெரியக் கீற முடியாது. அப்படியென்றால் இரண்டாம் மாடி டாக்டரின் ஜீப். அது நிற்பது வலப்பக்கம். கீறல் இடப்பக்கம். இடப்பக்கத்தில் இருப்பது தூண் மட்டும். தூண் நடந்து வந்து இடிக்காது.

தூணில் வந்து நின்றுவிடுகிறது யோசனை, எப்போதும். மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்த தூண். வியாழக்கிழமை சந்தைக்குப் போய் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வாங்கிக்கொண்டு வந்தேன், கேட்டுக்குள் நுழைந்தேன், வாட்ச்மேன் சல்யூட் அடித்தான், இடது பக்கம் திரும்பினேன், அதற்கப்புறம்? அதற்கப்புறம் லிஃப்டில் நிற்கிறேன், கையில் பை. நடுவில் தூணைத் தாண்டியது ஞாபகமில்லை. கதவைப் பூட்டிவிட்டுப் படியிறங்கியதும் பூட்டினோமா என்று நிற்கிறோமே, அப்போது கை பூட்டியது கைக்குத்தான் தெரியும், தலைக்குத் தெரியாது. அப்படி, கை இடித்துவிட்டுத் தலைக்குச் சொல்லாமல் விட்டிருந்தால்? சத்தம் கேட்டிருக்குமே என்கலாம். எனக்கு இடது காது மந்தம். நாற்பது சதவீதம் போய்விட்டது என்று காது டாக்டர் ஒரு கோடு போட்ட காகிதத்தைக் காட்டினார், மலையிலிருந்து இறங்குகிற பஸ் ரோடு மாதிரி இருந்தது. காரில் அவர் என் இடப்பக்கம் உட்கார்ந்து பேசுவதில் பாதி எனக்கு வருவதில்லை. தலையை மட்டும் ஆட்டிவைப்பேன், அதில் சில சமயம் எதற்கோ சம்மதித்துவிட்டிருப்பேன். இடப்பக்கம் ஒரு தூண் உரசினால் அதுவும் அவர் பேச்சோடு பேச்சாகப் போய்விடுமோ. வேண்டாம். மீட்டர் சோதனைக் கூடத்தில் முப்பத்தொரு வருஷம் இருந்தவள் நான். மின்வாரியத்தில் என்னிடம் வருகிற மீட்டரெல்லாம் குற்றவாளி என்று எழுதித்தான் வரும்: ஓவராக ஓடுகிறது, குதித்து ஓடுகிறது. பெஞ்சில் மாட்டி, பக்கத்தில் நல்ல மீட்டரை வைத்து, இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டால், நூற்றுக்குத் தொண்ணூறு மீட்டர் சரியாகத்தான் ஓடும். ஓவராக ஓடுவது வீட்டில் யாரோ ஒருத்தர். நான் மீட்டர் பக்கம். இந்தக் கேமராவும் ஒரு மீட்டர்தான்; இடித்தது நான்தான் என்று அது சொன்னால்? சொன்னால் சாவியை எடுத்து தீபன் கையில் வைத்துவிட்டு, அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பேன். கேட்பேனா? பஸ்ஸில் ஏறினால் என்னை யாராவது எழுந்து உட்காரச் சொல்வார்கள். அதற்குத்தான் இந்த வயரோடு மல்லுக்கட்டுகிறேன். ஐம்பது வயதில் டிரைவிங் கற்றுக்கொண்டு, பன்னிரண்டு வருஷம் பழனிக்கும் பண்ணாரிக்கும் ஓட்டியவள். அவர் மடியில் பையை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வருவார், அபார்ட்மெண்டில் எல்லாரும் என்னை டிரைவரம்மா என்பார்கள். கேலிதான். கேலியாக இருந்தாலும் அது என் பெயர்.

“ஏம்மிணி,” என்றார் மேலேயிருந்து. “இது கனெக்‌ஷன் குடுத்தப்பறந்தான வேலை செய்யும்?” பல்லில் வயர் கடித்திருந்தேன், ம்ம் என்றேன். “அதுவரைக்கும் சும்மாதான ஒட்டிக்கிட்டிருக்குது?” ம்ம். இதையே போன சனிக்கிழமையும் கேட்டார், நானும் கனெக்‌ஷன் அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் என்று சொன்ன ஞாபகம். என்ன கவலை இவருக்கு. “நிக்கறப்பவும் படம் புடிக்குமா?” “அதுக்குத்தானுங்களே இத்தனை பாடு.” “வெளியிலயா, உள்ளயுமா?” “வெளியிலதானுங். உள்ள என்ன இருக்குது படம் புடிக்க?” டார்ச் வெளிச்சம் மறுபடி ஆக்சிலேட்டருக்குப் போயிற்று. “இல்ல, கேட்டேன். ஆயுத பூஜை வெள்ளிக்கெழமை. அது முடியட்டும், வண்டிக்குப் பொட்டு வெச்சுப்போட்டு அப்பறம் மாட்டலாமேன்னு பாத்தேன்.” “வெள்ளிக்கெழமை வண்டி அன்வர் வீட்டுல நிக்கும். அங்க போயா பொட்டு வெப்பீங்க?” பத்து நம்பர் ஸ்பானர் வேண்டும், என் கண்ணாடி வேண்டும், இரண்டும் மாடியில். போய் எடுத்து வாருங்கள், வரும்போது டீயும் போட்டுக் கொண்டு வாருங்கள் என்றேன். டார்ச்சை என் வயிற்றின் மேல் வைத்துவிட்டு, விட்டால் போதும் என்ற மாதிரி போனார். செருப்புச் சத்தம் வலது காதில் நன்றாகக் கேட்டது.

தனியாக இருக்கும்போது வேலை ஓடுகிறது. மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வொரு ஃப்யூஸாகத் தொட்டேன். சாவி இல்லாமலே பன்னிரண்டு வோல்ட் காட்டுவது நிரந்தர சப்ளை, சாவி போட்டால் மட்டும் காட்டுவது வந்து போகிற சப்ளை. கேமராவுக்கு இரண்டும் வேண்டும்: ஒன்று சாப்பாடு, இன்னொன்று வண்டி ஓடுகிறதா நிற்கிறதா என்கிற சேதி. கறுப்பு வயர் காரின் உடம்பில் ஒரு போல்ட்டுக்கு; ஸ்பானர் வரும்வரை விரலாலேயே சுற்றிவைத்தேன். இங்கே நியூட்ரல் என்று தனியாக ஒரு கம்பி கிடையாது, இரும்பு உடம்பே நியூட்ரல். பன்னிரண்டு வோல்ட்டை விரலால் தொட்டேன், ஒன்றும் தெரியவில்லை. நானூற்று நாற்பதுக்குப் பக்கத்தில் முப்பத்தொரு வருஷம் டிபன் பாக்ஸ் திறந்து சாப்பிட்டவளுக்கு இது வாழைத்தண்டு நார். சந்தோஷமாக இருந்தது, சொல்லக்கூடாது, நன்றாகவே இருந்தது. கை எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிறது. கேமராவிலிருந்து வரும் வயரைக் கண்ணாடி ஓரமாகக் கூரைத் துணிக்குள் விரலால் சொருகி, கதவு ரப்பரைக் கொஞ்சம் உரித்து அதற்குள் இறக்கி, மறுபடி ரப்பரை அழுத்தினேன். புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிற மாதிரிதான், வெளியே தெரியக் கூடாது. கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏர்பேக் ஏதாவது வெடிக்குமோ என்று ஒரு நிமிஷம் பயம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வாங்கிய சின்னக் கார், அதற்கு அவ்வளவு வசதி கிடையாது. பயப்படக்கூட வசதி வேண்டும். இனி இருப்பது சிவப்பும் மஞ்சளும். விளக்கச் சீட்டு எறும்பு எழுத்தில் இருக்கிறது, கண்ணாடி மாடியில் இருக்கிறது. கண்ணாடி எதற்கு? சிவப்பு, மஞ்சள், நீலம்: முதல் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். சிவப்புதான் பெரிய ஆள். சிவப்பை நிரந்தர சப்ளையில் செருகினேன், மஞ்சளை வந்து போகிற சப்ளையில். மூடியைப் போட்டேன். முழங்கையை ஊன்றி, கியர் கம்பியைப் பிடித்து, பாம்பு சட்டை உரிக்கிற மாதிரி வெளியே வந்து, சீட்டில் ஏறி உட்கார்ந்து, சீட்டை நாலு கட்டம் முன்னால் இழுத்து, சாவியைத் திருப்பினேன். கேமராவில் சிவப்பு விளக்கு மினுக்கியது. பாத்தியா தீபா. சாவியை அணைத்தேன். விளக்கும் அணைந்தது. அணையக் கூடாது. நிற்கும்போது விழித்திருக்கத்தானே இத்தனையும். மறுபடி போட்டேன், வந்தது. அணைத்தேன், போயிற்று. மணி பதினொன்று ஐந்து.

விளக்கு அணைந்தாலும் உள்ளே படம் ஓடுகிறதோ என்னவோ. சில மீட்டர் அப்படித்தான், முகம் செத்திருக்கும், உள்ளே எண்ணிக்கொண்டிருக்கும். போனில் பார்த்தால் தெரியும். சாவியைப் போட்டு, போனில் கேமராவின் ஆப்பைத் திறந்தேன், இந்த வாரத்தில் இதுதான் முதல் தடவை. ஓடுகிற வண்டியின் படத்தில் தூணை உரசியது நான்தான் என்று வந்துவிட்டால் என்ற பயத்தில் தொடாமலே வைத்திருந்தேன். கண்ணாடியில்லாமல் போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தேன். வரிசையாகத் தேதியும் நேரமும். இன்று பதினொன்று மூன்று, நான் சாவி போட்டது. இன்று பதினொன்று நாலு, அதுவும் நான். நடுவில் ஒன்றுமில்லை, அப்படியானால் நிற்கும்போது எடுக்கவில்லை. சிவப்பும் மஞ்சளும் இடம் மாறியிருக்க வேண்டும். இது மின்வாரியத்தின் சிவப்பு இல்லையே, காருக்கு வேறு சட்டம். முப்பத்தொரு வருஷ அனுபவம் செய்த தப்பு. அனுபவம் இல்லாதவள் கண்ணாடி போட்டுச் சீட்டைப் படித்திருப்பாள். சிரிப்பு வந்தது. மாற்றிச் செருக ஐந்து நிமிஷம். போனை வைக்கப் போனேன், விரல் பட்டு வரிசை கீழே ஓடியது. சனிக்கிழமை பதினாறு பதினைந்து, கோயில். வெள்ளி பதினொன்று, வங்கி. வியாழன் ஒன்பது முப்பது, சந்தை. வியாழன் ஐந்து பதினைந்து. ஐந்து பதினைந்தா? மாலையாக இருக்கும். மாலை என்றால் பதினேழு என்று போடுமே. காலை ஐந்து பதினைந்துக்கு நான் தூங்கிக்கொண்டிருப்பேன், வலப்பக்கம் சாய்ந்து, நல்ல காதைத் தலையணையில் அழுத்தி. வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போனாலும் கேட்காது. புதன் ஐந்து பத்து. திங்கள் ஐந்து பன்னிரண்டு. திருடன் என்றால் ஏன் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறான், அதுவும் வாரத்துக்கு மூன்று நாள். இல்லை, நானேதானா. தூக்கத்தில் நடக்கிறவர்கள் உண்டு, தூக்கத்தில் ஓட்டுகிறவள் உண்டா? ஒரு நிமிஷம் நிஜமாகவே பார்த்தேன் என்னை, நைட்டியோடு, கண் மூடி, ஸ்டீயரிங்கைக் கட்டிக்கொண்டு. திங்கட்கிழமையைத் தொட்டேன். போனை வலது காதில் வைத்தேன்.

முதலில் இஞ்சின் உறுமியது, பிறகு குலுங்கி அணைந்தது. மறுபடி உறுமல். பிறகு ஒரு குரல், பார்சல் பெறுகிறவரிடம் இங்கே ஒரு கையெழுத்து என்று சொல்கிற நிதானத்தோடு: “அம்மிணி என்ன பண்ணுவா? மொதல்ல கண்ணாடி. பாத்தாச்சு. பெல்ட்டு. போட்டாச்சு. முருகனுக்கு ஒரு கும்பிடு. அப்பறம் எதிர நிக்கறவனைத் திட்டோணும். எதிர ஆரும் இல்ல. செரி, அதை விட்டுரு. கிளட்ச்சு.” படத்தில் மஞ்சள் கறுப்புத் தூண் மெல்ல நகர்ந்தது, நின்றது, ஒரு துள்ளு துள்ளியது. “அவ கால் இப்படியா வெச்சா? இல்ல, குதிகால் தரையில. குதிகால் தரையில.” புதன்கிழமையில் முழுச் சுற்று, குலுங்காமல், கடைசியில் அவரே அவருக்குப் பலே என்று சொல்லிக்கொண்டார். வியாழக்கிழமையில், “வா கண்ணு, அப்படியே, அப்படியே வா,” என்று காரை மாட்டுக் கன்று மாதிரி தட்டிக்கொடுத்துக்கொண்டே வந்தார். தூண் படத்தின் இடது ஓரத்தில் மறைந்தது. பிறகு தகரத்தில் கரண்டியை வைத்து இழுத்த மாதிரி ஒரு சத்தம். இஞ்சின் அணைந்தது. எங்கோ ஒரு சேவல் கூவியது. “அட முருகா. இது மூணாவதாச்சே.” கதவு திறந்து மூடுகிற சத்தம். “மயிலாகிட்டச் சொல்லிரோணும்.” பெருமூச்சு. “இன்னிக்கு வேண்டாம்.” நான் இல்லை. நான் இல்லை, நான் இல்லை. தெருவில் மூன்று மணி நேரம் போன கரண்ட் வரும்போது எல்லா வீட்டிலிருந்தும் ஒரு சத்தம் கிளம்புமே, அது என் நெஞ்சுக்குள் கிளம்பியது. கண், கை, காது, எல்லாம் என்னுடையது, எல்லாம் சரி, காது மட்டும் அறுபது சதவீதம் சரி. அதற்குப் பின்னால் கோபம் வந்தது, எத்தனை ராத்திரி தூணைத் தாண்டினேனா என்று படுத்துக்கொண்டு யோசித்தேன் என்று. கோபம் வந்த வேகத்தில் அந்த ‘எதிர நிக்கறவனைத் திட்டோணும்’ ஞாபகம் வந்து, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்து, ஸ்டீயரிங்கில் நெற்றி மோதி, ஹாரன் பார்க்கிங் முழுக்க அலறியது.

அந்த அலறலில்தான் அவர் வந்தார். ஒரு கையில் ஸ்பானர், என் கண்ணாடி. இன்னொரு கையில் டீ டம்ளர். “என்னாச்சு அம்மிணி, ஷாக்கு அடிச்சுருச்சா?” நான் போனைத் திருப்பிக் காட்டிச் சத்தத்தைக் கூட்டினேன். அவருடைய குரல் அவரைப் பார்த்து, குதிகால் தரையில என்றது. டீ தளும்பி அவர் விரலில் ஊற்றியது, அதுகூடத் தெரியாமல் நின்றார். முதலில் வந்தது மன்னிப்பு இல்லை, குற்றச்சாட்டு. “கனெக்‌ஷன் குடுக்கலைன்னு சொன்னயே!” “லைட்டர்ல செருகியிருந்துதுங்களே.” “அது போன் சார்ஜர்னு இருந்தேன். செவப்பு லைட்டு மினுக்குச்சு, டேஷ்போர்டுல இருக்கற உன்ர முருகன் லைட்டுன்னு நெனச்சேன். கனெக்‌ஷன் அடுத்த ஞாயித்துக்கெழமைன்னு மின்வாரியத்துக்காரி சொல்றா, கரண்ட் இல்லாத மீட்டர் ஓடுமான்னுதான மனுசன் நெனப்பான்?” முப்பத்தைந்து வருஷம் என்னோடு குடும்பம் நடத்தினதன் பலன். சீல் வைக்காத மீட்டரை இவர் மதிப்பதில்லை. “அதிருக்கட்டும், இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க இது?” பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தார், பழக்கம், மடியில் டம்ளரைப் பை மாதிரி வைத்துக்கொண்டார். “மூணு விழுந்தா சாவியை வாங்கிருவேன்னு பையன் சொல்லிப்போட்டான். ஒண்ணு நீ போட்டுட்ட. இன்னும் ரெண்டுதான். வீட்டுல இன்னொருத்தனுக்கு ஓட்டத் தெரிஞ்சா, உன்கிட்ட வாங்குனாலும் வண்டி போகாதில்ல? அதுக்குத்தான் வாக்கிங் போறேன்னு சாவியை எடுத்துக்கிட்டு வந்தேன்.” “அதுக்குத்தான் மீதி ரெண்டையும் நீங்களே போட்டுட்டீங்களாக்கும்.” “கணக்கு அப்படி ஆயிப்போச்சு,” என்றார், தலையைத் தொங்கப்போட்டு. சிரிக்கக் கூடாது என்று கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடி காலடியில் இறங்கி மஞ்சளைப் பெரிய ஆளாக்கினேன், சிவப்பைச் சேதி சொல்கிறவனாக்கினேன், கறுப்பை ஸ்பானரால் இறுக்கினேன். இந்தத் தடவை டார்ச் அசையாமல் சரியான இடத்தில் விழுந்தது. சாவியை அணைத்தேன். விளக்கு அணையவில்லை. மணி பதினொன்று ஐம்பத்திரண்டு, கேட்டில் தீபனின் பைக் சத்தம்.

எட்டு நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டான், யோசிக்க நேரமில்லை. போன் என் கையில். காட்டினால் நான் தப்பினேன். காட்டினால் இவரைப் பார்த்து அவர்கள் இரண்டு பேரும் சிரிப்பார்கள், போஸ்ட்மாஸ்டர் காருக்குக் கன்னுக்குட்டி மாதிரி தட்டிக்கொடுத்த கதை தீபாவளிவரைக்கும் போகும். கூடவே, ஒரு வீட்டில் இரண்டு கிழடுகள் ஒரு காரை இடிக்கிறார்கள், இரண்டு பேரிடமிருந்தும் பிடுங்கு என்றுதான் முடியும். காட்டாவிட்டால் மூன்றும் என் பெயரில். கட்டைவிரல் போனின் மேல், அழுத்தாமலும் எடுக்காமலும். அன்வர் வந்ததும் வணக்கம் சொன்னான், நல்ல பையன், நேராகக் கீறலுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து விரலால் தடவினான். “டிரைவரம்மா, தூணு உங்களை ரொம்பத் தொந்தரவு பண்ணுது போல.” தீபன் என் முகத்தைப் பார்க்காமல் தூணைப் பார்த்துக்கொண்டு, “பேசுனது பேசுனதும்மா. சாவி,” என்றான். அப்போது இவர் சொன்னார், “ரெண்டாவதும் மூணாவதும் நான் போட்டது.” தந்தியைப் படித்துக் காட்டுகிற குரல். தீபன் சிரித்தான். “அப்பா, அம்மாவைக் காப்பாத்தறதுக்கு ஒரு அளவு வேணும். நீங்க சைக்கிளையே தள்ளிக்கிட்டுப் போற ஆளு.” “நாந்தான்னு சொல்றேன்.” “செரி, அம்மா, எவ்வளவு நேரம் ட்ரெய்னிங் குடுத்த இதைச் சொல்லச் சொல்லி?” இவருடைய காது நுனி சிவந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் இரண்டோ மூன்றோ தடவைதான் பார்த்திருக்கிறேன். “அம்மிணி,” என்றார். “எறங்கு. சாவியைக் குடுத்துட்டு இந்தப் பக்கம் வந்து உக்காரு.”

இறங்கினேன். போனைப் பையில் போட்டேன். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என் காரின் இடது சீட்டு. காலுக்கு அடியில் பிரேக் இல்லை, கைக்கு ஒரு வேலையும் இல்லை, மடியில் வைக்க ஒரு பைகூட இல்லை. சீட்டைப் பின்னால் தள்ளினார், நாலு கட்டம், சரியாக. கண்ணாடி பார்த்தார். பெல்ட். கும்பிடு. அன்வர் எதிரே இடுப்பில் கை வைத்து நின்றிருந்தான். இவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, என் குரலை அப்படியே கொண்டுவந்து, “ரோடு உங்க பாட்டன் சொத்தா? தள்ளி நில்லுடா!” என்றார். அன்வர் துள்ளி விலகினான். கார் நகர்ந்தது, குலுங்கவில்லை, டாக்டரின் ஜீப்பைத் தாண்டியது, கேட்டுக்கு முன்னால் திரும்பியது, அங்கே ஒரு தடவை அணைந்தது, மறுபடி கிளம்பியது. என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. தூண் வந்தது. என் பக்கமாக வந்தது, பட்டை பட்டையாக, ஜன்னல் முழுக்க வந்தது. சொல்லிவிடலாமா, வலதுபக்கம் ஒடிங்க என்று? வாயைத் திறந்தேன், மூடினேன். என் வாழ்க்கையில் பெரிய வேலைகளில் ஒன்று அது. அவர் முணுமுணுப்பது ஒரு எழுத்துக்கூடத் தப்பாமல் கேட்டது: “அப்படியே. அப்படியே. வா கண்ணு.” தூண் கடந்து பின்னால் போயிற்று. இஞ்சின் நின்றது. சத்தம் எதுவும் இல்லை. அன்வர் ஓடி வந்து தூணுக்கும் கதவுக்கும் நடுவில் கையை விரித்து வைத்துப் பார்த்தான். “ஒரு சாண், மாப்ள. ஒரு சாண் இருக்குது.” தீபன் வாயைத் திறந்தபடி நின்றான். “எத்தனை நாளா இது?” “ஆகஸ்டு கடைசியில இருந்து,” என்றார் இவர், ஸ்டீயரிங்கை விடாமல். “சொந்தமாக் கத்துக்கிட்டேன். உங்கம்மா கால்ல இருந்து.” அன்வர் கதவில் சாய்ந்து சிரித்துக்கொண்டே தீபனிடம், “எனக்கு இந்த வண்டி வேண்டாம்டா. இதை எடுத்துக்கிட்டுப் போனா இவங்க ரெண்டு பேரும் அடுத்த வாரம் என் கடைக்கு வந்து வேற வண்டியைப் போட்டுத் தேய்ப்பாங்க,” என்றான். தீபன் கொஞ்ச நேரம் மகனாகக் கோபமாக இருந்தான், லைசென்ஸ் இல்லாமல், விடியற்காலையில், அறுபத்தேழு வயதில் என்று வரிசையாகச் சொன்னான், எல்லாம் நியாயம்தான். “நாளைக்கே எல்எல்ஆர் போடறீங்க. எல் போர்டு ஒட்டறீங்க. அம்மா பக்கத்துல இல்லாம சாவியைத் தொடக் கூடாது.” “அவ பக்கத்துல இருந்தா எனக்குக் கை ஒதறுமே,” என்றார் இவர். “எனக்கும்தானுங்,” என்றேன் நான். டீ ஆறிப்போயிருந்தது, ஒரே மூச்சில் குடித்தேன். சாப்பிட வாங்கடா, முருங்கைக்காய்ச் சாம்பார் இருக்கிறது என்று மூன்று பேரையும் லிஃப்டுக்கு விரட்டினேன்.

2024 டிசம்பர் 11, புதன்கிழமை, சென்னியப்பன் இரண்டாவது முயற்சியில் ஓட்டுநர் தேர்வில் தேறினார். சந்தோஷத்தில் அவரால் சாவியைத் திருப்ப முடியவில்லை; வீட்டுக்குக் காரை நான் ஓட்டி வந்தேன்.